கடலூர் அண்ணனுக்கு நான் சொன்ன அரைகுறை பதில்

எங்கள் அப்பாவுக்குக் கோயம்பேட்டில் கத்திரிக்காய் மண்டி. கொத்தவால் சாவடியில் தாத்தா நடத்திய கடை அது. 1996-ல் சந்தை இடம் மாறியபோது கூடவே வந்துவிட்டது. நான் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். கோவிட் எங்கிருந்து வந்தது என்று இந்தப் பதிவை எழுத இந்த இரண்டுமே காரணம்.

மண்டியில் இருபது வருடத்துக்கும் மேலாக மூட்டை இறக்கியவர் ஒருவர் இருந்தார். கடலூர் பக்கம். எங்கள் வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'கடலூர் அண்ணன்'தான். நள்ளிரவில் லாரி வந்து நின்றதிலிருந்து காலை வியாபாரம் ஓயும்வரை அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பரீட்சை நாள் என்றால் பூ மார்க்கெட்டில் இரண்டு முழம் மல்லி வாங்கி அப்பாவிடம் கொடுத்துவிடுவார்.

2020 மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடினார்கள். காய்கறி திருமழிசைக்குப் போனது. அதற்குள் தொற்று ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது. கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று, வேலையில்லாமல் ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு போனது. எங்கள் அண்ணனும் அப்படிப் போனவர்களில் ஒருவர். ஊருக்குள் விடவில்லை, பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். சோதித்தார்கள், பாசிட்டிவ். நல்லவேளை, அந்தத் தடவை காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. பேச்சுதான் விடவில்லை. "கோயம்பேட்டுல இருந்து கொண்டாந்து உட்டுட்டான்" என்று சொந்த பங்காளியே தெருவில் நின்று சொன்னானாம்.

பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். "பாப்பா, நீ படிச்ச புள்ள. இந்த நோவு எங்கருந்துதான் வந்துச்சு? நான் யாருகிட்ட வாங்குனேன்னே எனக்குத் தெரியலையே."

"சீனாவுல ஒரு சந்தையில இருந்துண்ணே" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சந்தையா? அங்கயும் நம்மள மாதிரி மூட்ட தூக்குறவங்க இருந்திருப்பாங்களே பாப்பா. அவங்கள என்ன சொல்றாங்களோ" என்றார்.

2021 மே மாதம், இரண்டாம் அலையில், அண்ணன் போய்விட்டார். அன்று அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அதிலிருந்து இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது என்று கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வூகான் நகரத்து ஹுவானன் சந்தையில் 2019 டிசம்பரில் நோயாளிகள் தெரிய வந்தார்கள். ஆரம்ப நோயாளிகளில் கடல் உணவு விற்ற ஒரு பெண்ணும் உண்டு. 2020 ஜனவரி 1-ஆம் தேதி சந்தையை மூடிவிட்டார்கள். கழுவிச் சுத்தம் செய்தார்கள். மாதிரி எடுக்கப் போனவர்களுக்குத் தரை, வடிகால், கூண்டு, தள்ளுவண்டி எல்லாம் கிடைத்தன. உயிரோடு விற்கப்பட்ட காட்டு விலங்குகள்தான் கிடைக்கவில்லை. 450-க்கும் மேற்பட்ட விலங்கு மாதிரிகளைச் சோதித்து, ஒன்றிலும் வைரஸ் இல்லை என்றார்கள். ஆனால் அவற்றில் நிறைய, உறைய வைத்த இறைச்சியும் தெருவில் திரிந்த பூனை நாயும்தான். சந்தேகப்பட வேண்டிய, நரி போலிருக்கும் ரக்கூன் நாயும் மரநாயும் அதற்குள் இடத்தைக் காலி செய்துவிட்டன. அவை அங்கே விற்கப்பட்டவையா என்ற சந்தேகமே வேண்டாம். 2017 மே முதல் 2019 நவம்பர் வரை வூகான் சந்தைகளில் 38 இனங்களைச் சேர்ந்த 47,381 விலங்குகள் விற்பனையானதை எண்ணி எழுதிய ஆய்வு 2021-ல் வெளிவந்தது.

சரி, சந்தையில் நோயாளிகள் குவிந்தார்கள். அதனால் வைரஸ் அங்கேதான் பிறந்தது என்று சொல்லிவிடலாமா? கோயம்பேட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். எங்கள் சந்தையிலும்தான் கூட்டம் கூட்டமாக நோய் வந்தது. அது அங்கே பிறக்கவில்லை. யாரோ ஒருவர் வழியாக உள்ளே வந்தது, நெரிசலில் பெருகியது, லாரி ஏறிப் போனது. சந்தை என்பது அப்படிப்பட்ட இடம். வூகானிலும் அதேபோல் வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்திருக்கலாம் என்று ஒரு தரப்பு சொல்வதை நான் உடனே ஒதுக்கிவிடாததற்குக் காரணம், நான் மண்டிக்காரர் மகள் என்பதுதான்.

ஆனால் மறுபக்கமும் லேசானதல்ல. சந்தைப் பக்கமே போகாத ஆரம்ப நோயாளிகளின் வீடுகளும் அந்தச் சந்தையைச் சுற்றியே இருந்தன என்று 2022-ல் மைக்கேல் வொரோபி என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். வைரஸ் பதிந்த இடங்களும் உயிர் விலங்குகள் விற்ற மேற்குப் பக்கத்தில்தான் அதிகம். அங்கே பஞ்சால் துடைத்தெடுத்த அதே மாதிரிகளில் ரக்கூன் நாயின் மரபணுவும் இருந்தது. கோயம்பேட்டில் கத்திரிக்காய்க் கடைக்கும் கருணைக்கிழங்குக் கடைக்கும் நடுவில் இப்படி ஒரு வித்தியாசத்தை யாரும் காட்ட முடியாது. என்னைக் கேட்டால் விலங்கிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த விலங்கு இன்றுவரை யார் கையிலும் இல்லை. அதே ஊரில் வௌவால் கொரோனா வைரஸ்களை ஆராயும் பெரிய ஆய்வகம் ஒன்று இருப்பதும், அதன் வைரஸ் தரவுத்தளம் 2019 செப்டம்பரிலேயே வெளியார் கண்ணுக்கு மறைந்ததும் உண்மைகள். அவற்றைக் காட்டி, வைரஸ் அங்கிருந்து கசிந்திருக்குமோ என்று கேட்பவர்களையெல்லாம் கிறுக்கர்கள் என்று சொல்வது நியாயமில்லை.

எனக்கு வருகிற கோபம் இந்த இரு தரப்பின் மேலும் இல்லை. பதில் இருக்கக்கூடிய பெட்டியைப் பூட்டி வைத்திருப்பவர்கள் மேல்தான்.

மாதிரி என்றால் என்ன என்று என் மாணவர்களுக்கு நான் எச்.ஐ.வி. கதையை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பது. அது நம் ஊர்க் கதையும்கூட. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரிந்தது 1986-ல், இதே சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் சொல்ல, அவர் மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் காட்டிக்கொடுத்தன. அன்றைக்கும் ஊர் அந்தப் பெண்களைத்தான் பழித்தது. வைரஸ் எங்கிருந்து புறப்பட்டது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை, இருக்கவும் முடியாது. அந்தப் பதில் ஆப்பிரிக்காவில், பழைய குளிர்பெட்டி ஒன்றில் கிடந்தது. 1959-ல் இன்றைய கின்ஷாசா நகரத்தில் ஒருவரிடம் எடுத்து வைத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்ததை 1998-ல் மரபணு வரிசையோடு நிறுவினார்கள். தென்கிழக்குக் கேமரூன் காட்டுச் சிம்பன்சிகளிடமிருந்து அது வந்தது என்பது 2006-ல் துலங்கியது. எதற்கோ எடுத்த ரத்தத்தை யாரோ கொட்டாமல் வைத்திருந்ததால் உலகத்துக்கு ஒரு பதில் கிடைத்தது.

மெர்ஸ் விஷயத்திலும் அப்படித்தான். 2012-ல் சவூதியில் தெரியவந்த புது வைரஸ். ஒட்டகத்தின் மேல் சந்தேகம் வந்ததும் பழைய ஒட்டக ரத்தங்களைத் தேடிச் சோதித்தார்கள். 1983-ல் எடுத்து வைத்த ரத்தத்திலேயே, அந்த வைரஸ் உடம்புக்குள் வந்து போனதைக் காட்டும் எதிர்ப்பணுக்கள் (ஆன்டிபாடி) இருந்தன. மனிதர்களுக்குப் பெயர்கூடத் தெரியாத வைரஸ், முப்பது வருடமாக ஒட்டகங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு கோவிட் பக்கம் திரும்பினால் வயிறு எரிகிறது. ஆரம்பகால மரபணு வரிசைகள் சிலவற்றை அமெரிக்கத் தரவுத்தளத்தில் ஏற்றிய சீன ஆய்வாளர்களே, பிறகு கேட்டு நீக்கிக்கொண்டார்கள். ஜெஸ்ஸி புளூம் என்ற விஞ்ஞானி 2021-ல் அதில் 13 வரிசைகளைத் தோண்டி மீட்டார். சந்தைத் துடைப்புகளின் மூலத் தரவு 2023 தொடக்கத்தில் ஒரு பொதுத் தளத்தில் தலைகாட்டியது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இறக்கிப் பார்த்து ரக்கூன் நாய் மரபணுவைச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அந்தத் தரவு அங்கே இல்லை. மாதிரி எடுத்ததோ 2020 ஜனவரியில்! மூன்று வருடம் அது யாருக்காகக் காத்திருந்தது?

உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே அமைத்த நிபுணர் குழு 2025 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கிடைத்த சான்றுகளின் எடை விலங்கு பக்கமே சாய்கிறது, ஆனால் ஆய்வகக் கசிவு உட்பட எதையும் தள்ளிவிட முடியவில்லை என்றது. காரணத்தையும் சொல்லியிருக்கிறார்கள். ஆரம்ப நோயாளிகளின் நூற்றுக்கணக்கான மரபணு வரிசைகள், வூகான் சந்தைகளில் விற்ற விலங்குகளின் விவரம், அந்த ஊர் ஆய்வகங்களில் நடந்த வேலை, அங்கே கடைப்பிடித்த பாதுகாப்பு என்று கேட்டார்கள், சீனா தரவில்லை. உளவுத்துறைகள் தங்களிடம் இருப்பதாகச் சொல்லும் தகவல்களையும் இந்தக் குழுவின் முன் முழுதாக வைக்கவில்லை. ஆளுக்கொரு அறிக்கை விடுகிறார்கள், அடியில் இருக்கும் ஆதாரத்தைக் காட்டுவதில்லை. மண்டியில் கணக்கு நோட்டைக் காட்டாமல் 'இவ்வளவுதான் பாக்கி' என்று ஒருவர் சொன்னால் அப்பா ஒத்துக்கொள்வாரா?

"தெரிந்து என்ன ஆகப்போகிறது, போனவர்கள் திரும்பவா போகிறார்கள்" என்று என் நெருங்கிய தோழியே கேட்டாள். வங்கதேசத்தில் நிபா வைரஸ் எப்படி வருகிறது என்று தேடியவர்கள், ஈச்ச மரத்தில் கட்டிய பதநீர்ப் பானையில் ராத்திரி பழந்தின்னி வௌவால்கள் வந்து வாய் வைப்பதைக் கேமரா வைத்துப் பிடித்தார்கள். காய்ச்சாமல் அதைக் குடித்தவர்களுக்கு நோய் வந்திருந்தது. வழி தெரிந்ததும் என்ன செய்தார்கள்? பானையைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டச் சொன்னார்கள். பச்சையாகக் குடிக்காதீர்கள் என்றார்கள். வௌவாலைக் கொல்ல வேண்டியதில்லை, மரம் ஏறுகிறவரை ஊரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. கேரளத்தில் 2018-லிருந்து நிபா திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே வௌவாலிடமிருந்து முதல் நோயாளிக்கு எந்த வழியாக வருகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் ரம்புட்டானா, கொய்யாவா, கிணறா என்று ஊரே மிரள்கிறது. பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் இடையில் வாளையாறு ஒன்றுதான். நிபாவுக்கான எதிர்ப்பணுக்கள் உள்ள வௌவால்கள் தமிழ்நாட்டிலும் உண்டு என்பதைப் புனே வைராலஜி நிறுவனத்தின் கணக்கெடுப்பு ஏற்கனவே சொல்லிவிட்டது.

பதில் தெரியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். 2020 ஏப்ரலில் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இமாசலப் பிரதேச வௌவால்களில் ஒருவகைக் கொரோனா வைரஸ் இருப்பதாகச் செய்தி வந்தது. அது கோவிட் வைரஸ் அல்ல என்ற வரியை யாரும் படிக்கவில்லை. தெருக்கோடி வாதாம் மரத்தில் வௌவால் வருகிறது, வெட்டு என்று கிளம்பிவிட்டார்கள். வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் உள்ள மாநிலம் இது. கூட்டத்தில் எங்கள் அம்மாதான் நின்று பேசி அந்த மரத்தைக் காப்பாற்றினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வைரஸ் விலங்கிலிருந்து மனிதருக்கு மட்டும் வரவில்லை. 2021 ஜூன் 3-ஆம் தேதி வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது, அதே மாதம் இன்னொரு சிங்கமும். போபால் ஆய்வகம் பார்த்ததில் அது டெல்டா வகை. ஊரே அப்போது டெல்டாவில் கிடந்தது. நாம் கொடுத்ததுதான், வேறெங்கிருந்து போயிருக்கும்? டென்மார்க்கில், ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கும் கீரி போன்ற மிங்க்குகளுக்கு மனிதர்கள் கொடுத்து, அவை திருப்பி மனிதர்களுக்கே கொடுத்து, 2020-ல் நாட்டில் இருந்த அத்தனை மிங்க்குகளையும் கொன்றார்கள். ஒரு கோடிக்கும் மேல். வௌவாலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைக்கட்டும்.

2025 மே மாதம் உலக நாடுகள் கூடிப் பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டன. நல்லது. ஆனால் கிருமி மாதிரிகளையும் மரபணுத் தகவலையும் எப்படிப் பகிர்வது என்ற இணைப்பை மட்டும் 'பிறகு பேசிக்கொள்ளலாம்' என்று தள்ளி வைத்தார்கள். எது இல்லாமல் இத்தனை வருடம் பதிலின்றி நிற்கிறோமோ, அதை! நம் அரசு அங்கே என்ன பேசுகிறது என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் யாராவது எழுந்து கேட்க வேண்டும். மாதிரி தரும் நாட்டுக்கு மருந்தில் பங்கு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை, அதை விடக்கூடாது. அதற்காக மாதிரியையே பூட்டி வைக்கும் உரிமையை எந்த நாட்டுக்கும், நம் நாட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தரக்கூடாது.

போன வாரம் அண்ணனின் மகள் போன் செய்தாள். நர்ஸிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். தொற்றுநோய்ப் பாடம் நடக்கிறதாம். "அத்தை, கோவிட் எங்கருந்து வந்துச்சுன்னு புக்ல ஒரே வரில முடிச்சிட்டாங்க. அப்பா இதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு" என்றாள். இந்தத் தடவை ஒரே வரியில் முடிக்கவில்லை. வௌவால், மரநாய், சந்தை, ஆய்வகம், நீக்கிய தரவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நடுவில் சார்ஜ் போய், அவள் தோழியின் போனில் திரும்பக் கூப்பிட்டாள்.