ஆலைக்குக் குளம் உண்டு, லயத்துக்கு இல்லை

நேற்று மழை விட்டதும் அம்மாவைப் பார்க்கச் செம்பனைத் தோட்டத்துக்குப் போனேன். சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதை. 2007இல் ஊர்ப் பெயரை மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பின்கட்டில் சாக்கடை நிரம்பி, அம்மாவின் வெண்டைப் பாத்தி வரை ஏறியிருந்தது. மேலே சாம்பல் நிறத்தில் ஆடை படிந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னவன் அதில் விழுந்த பந்தைக் கையை விட்டு எடுத்தான். நான் கத்துவதற்குள் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

சாக்கடையை ஒட்டியே செப்டிக் தொட்டி. மூடியின் விளிம்பில் புல் முளைத்திருக்கிறது. லாரி வந்து கழிவை உறிஞ்சியது எப்போது என்று அம்மாவுக்கே நினைவில்லை. தொட்டிக்குள் போனதெல்லாம் தானாகக் கரைந்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். கரையாது. கனமானது அடியில் தங்கும், பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் மட்டும் வெளியேறும். கசடு மேலேறிவிட்டால் வந்தது வந்தபடியே சாக்கடைக்குப் போய்விடும். அங்கிருந்து ஓடை, பிறகு சுங்கை சிலாங்கூர். கோலாலம்பூர் வரை குடிநீர் கொடுக்கிற ஆறு அது.

என்னால் பொறுக்க முடியாதது வேறு. இதே தோட்டத்தில் செம்பனை எண்ணெய் ஆலை இருக்கிறது. ஆலைக் கழிவுநீருக்கு 1977லேயே விதிமுறை வந்துவிட்டது. நீரின் மாசைக் காட்டும் பிஓடி அளவு அந்தக் கழிவுநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். அதைப் படிப்படியாக இறக்கி, 1984இல் 100க்குக் கொண்டுவர வைத்தார்கள். அதற்குத்தான் அந்த வரிசைக் குளங்கள். அப்பா அந்தக் கரையில் வேலை பார்த்தவர். சோறு கொண்டுபோகும்போது பார்ப்பேன்: முதல் குளம் உலைபோலக் குமிழிவிடும், போகப் போக நீர் தெளிந்துகொண்டே வரும்.

வீட்டுக் கழிவுநீரில் அதே அளவு பொதுவாக 200, 300தான். ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அவ்வளவு கெட்ட நீரையே தெளிய வைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, நாற்பது வீட்டு நீருக்குச் சின்னதாக இரண்டு குளம் வெட்டத் தெரியாதா? நிலம் இல்லையா, மண்வெட்டும் இயந்திரம் இல்லையா? எல்லாம் அங்கேயே நிற்கிறது. ஆலையைச் சோதிக்க அதிகாரி வருகிறார். லயத்தை எட்டிப் பார்க்க ஆள் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

தம்பி அங்கே பழம் வெட்டுகிறான். "குடியிருப்பவர்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவனிடம் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். இதை ஒப்புக்கொள்ளவே முடியாது. தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. தொட்டியும் அந்த வீட்டைச் சேர்ந்ததுதான்.

முதலில் லாரி வர வேண்டும், இந்த மாதமே. பிறகு தவணை தவறாமல் வர வேண்டும். குளத்துக்கான கோரிக்கையையும் மனுவில் எழுதியிருக்கிறேன். ஞாயிறு காலை பூசை முடிந்ததும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கையெழுத்து வாங்குகிறோம். தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்குப் போன அண்ணன்மாரே, அக்காமாரே, நீங்களும் வாருங்கள். உங்கள் அப்பா அம்மாவும் இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார்கள்.