சிங்க மேட்டோடு வாட்டர்லூ முடிந்துவிடாது

பெல்ஜியத்தில் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற போர்க்களமான வாட்டர்லூவுக்குக் குழுச் சுற்றுலா போனால், உச்சியில் சிங்கச் சிலை நிற்கும் சிங்க மேட்டின் 226 படிகளை ஏறி இறங்கினாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு சுற்றுலாக் கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. அந்த மேடே 1815 போருக்கு அப்புறம் எழுப்பியது. அதற்கு மண் வெட்டியதும் போர்க்களத்திலேயேதான். நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன் படையைப் பின்னால் மறைத்து நிறுத்திய முகட்டின் ஒரு பகுதி அப்படித்தான் காணாமல் போனது. இதைச் சொல்லாத வழிகாட்டியோடு மேலே ஏறி என்ன பயன்? செல்ஃபி எடுக்கலாம், அவ்வளவுதான்.

அதைவிட, வெலிங்டனின் வீரர்கள் காத்து நின்ற ஊகூமோன் பண்ணைக்குப் போங்கள். பிரெஞ்சு வீரர்கள் உடைத்துக்கொண்டு நுழைந்த வடக்கு வாசல் அங்கேதான் இருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் தோள் கொடுத்துத் தள்ளி அதை மூடினார்கள். தோட்டச் சுவரில் துப்பாக்கி நீட்டுவதற்கான துளைகளை இன்றும் பார்க்கலாம். சின்னத் தேவாலயத்தில் ஒரு மரச் சிலுவை. அதில் இயேசுவின் பாதங்களைத் தீ தின்றிருக்கும். விஷயம் தெரிந்த வழிகாட்டி அமைந்தால் அரை நாள் இங்கேயே ஓடிவிடும். அவர்கள் காத்த இன்னொரு பண்ணையான லா ஹே சாந்த் தனியார் சொத்து, சாலையிலிருந்து பார்ப்பதோடு சரி.

பிளான்சனுவா கிராமத்தைக் கட்டுரை சொல்லவே இல்லை. வெலிங்டனுக்குத் துணையாக வந்த, தளபதி புளூக்கரின் பிரஷ்ய (ஜெர்மானிய) படை மாலையில் நெப்போலியனின் வலப்பக்கத்தைத் தாக்கியது அங்கேதான். சுற்றுலா வண்டி அங்கே போகுமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.