ஆளை அழித்தால் தூண் சின்னதாகிவிடும்

நண்பர் ஒருவர் மதுரை திருமலை நாயக்கர் மகாலில் எடுத்த படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். "ஒரு ஆளு விடல, எல்லாத்தையும் அழிச்சிட்டேண்ணே." இப்போதெல்லாம் போனிலேயே விரலால் தடவினால் போதும், ஆள் காணாமல் போய்விடுகிறார்.

படம் துடைத்துவிட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் என் போனில் அந்தத் தூண்கள் ஏதோ கல்யாண மண்டப வாசல் தூண் போலத் தெரிந்தன. 1636-இல் கட்டிய மகால். தூணை ஒருத்தர் கட்டிப்பிடிக்க முடியாது, உச்சியைப் பார்த்தால் கழுத்து வலிக்கும். அழிக்காத படத்தையும் கேட்டு வாங்கினேன். அதில் தூணடியில் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர், விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு நீல வாளி. அவரைப் பார்த்த பிறகுதான் தூண் எழுந்து நின்றது.

"பழைய படங்கள்ல ஆளே இல்லையேண்ணே" என்றார் நண்பர். சரிதான். 1858-இல் லின்னேயஸ் டிரைப் மதுரையை எடுத்த படங்களில் ஆள் நடமாட்டம் பெரும்பாலும் தெரியாது. அவர் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ கேப்டன், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். அவர் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். வெளிச்சம் படிய நேரம் பிடிக்கும், அதற்குள் நடந்து போனவர் படத்தில் தங்க மாட்டார். அன்றைக்கு இருந்த வசதி அவ்வளவுதான். நாம் அதையே அழகு என்று பிடித்துக்கொண்டோம். ஆனாலும், பழுது பார்ப்பதற்கு முந்தைய மகாலைக் காட்டும் அவருடைய படங்கள் ஆளில்லாமலே நிற்கின்றன என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இடிபாடே அங்கே பேசிவிடுகிறது.

அதற்காக ஆளைக் கூட்டிப்போய் நிறுத்துவதும் எனக்கு ஆகாது. சிவப்புக் குடை, மஞ்சள் சேலை, முதுகைக் காட்டி ஒரு நடை. கண் சேலையிலேயே நின்றுவிடும், மகால் பின்னால் தொங்கும் திரையாகிவிடும். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ சூட்டுக்கு அது போதும். கட்டடப் படத்தில் இருக்க வேண்டியவர் அந்த இடத்தில் தன் வேலையைப் பார்க்கிறவர்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தையல்காரர்கள் இருந்த காலத்தில் அங்கே பலமுறை போயிருக்கிறேன். நாயக்க மன்னர் சிலைகளுக்கும் யாளிகளுக்கும் நடுவே வரிசையாகத் தையல் மிஷின், கழுத்தில் டேப், கொடியில் தொங்கும் துணி. எனக்கு அதெல்லாம் இடைஞ்சல். கேமராவை மேலே மேலே தூக்கி யாளியின் தலையை மட்டும் எடுத்தேன். கடை திறப்பதற்கு முன் விடியற்காலையிலேயே போய் நின்றதும் உண்டு. அப்புறம் கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. யாளி இப்போதும் அங்கேயே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நேற்று ராத்திரி பழைய ஹார்டு டிஸ்க்கைத் துழாவினேன். ஒரே ஒரு படத்தில், ஓரத்தில் நான் வெட்ட மறந்த இடத்தில், பாதி மிஷினும் அதை மிதிக்கும் ஒரு காலும் இருக்கின்றன.