பாடம் நடத்த ஜெராக்ஸ் எடுப்பது குற்றமில்லை

கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து ஆசிரியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன். போன வருடம் வெளிவந்த நாவலின் முழு பிடிஎஃப் வந்து விழுகிறது, யாரும் வாய் திறப்பதில்லை. அதே குழுவில் ஒருவர், "ஒரு கவிதையை ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் கேஸ் வருமா சார்?" என்று பதறிக் கேட்கிறார். சட்டம் என்ன சொல்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதுதான் காரணம்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவை ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுக்கலாம். வினாத்தாளில் சேர்க்கலாம், விடையில் எழுதலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம்.

2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், அந்த வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீதும் வழக்குப் போட்டன. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து எடுத்து ஒரே கட்டாக்கி மாணவர்களுக்கு விற்கிறார்கள் என்பது புகார். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் ஆசிரியர் பக்கமே நின்றது: கற்பித்தல் என்பது வகுப்பறைக்குள் பேசுவது மட்டுமல்ல, அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு படியெடுக்கலாம். எடுத்த பகுதிகள் உண்மையிலேயே பாடத்துக்குத் தேவைதானா என்பதை விசாரிக்கச் சொன்னது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆக, பாடத்துக்கு எவ்வளவு தேவை என்பதுதான் அளவுகோல். நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை வகுப்புக்குக் கொண்டு போவது பாடம். முழு நாவலையும் இருநூறு பேர் இருக்கும் குழுவில் போடுவதைப் பாடம் என்று எப்படிச் சொல்வது? சில நூறு பிரதிகள் அச்சிட்டு, தஞ்சாவூர்ப் புத்தகத் திருவிழாவில் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் சிறு பதிப்பாளரின் வயிற்றில் அடிக்கிற வேலை அது. ஆசிரியர்கள் அதைச் செய்யும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஆண்டு விழாவிலும் இப்படித்தான். இன்னொருவர் எழுதிய நாடகத்தை மாணவர்களும் ஆசிரியர்களும் போட்டு, பெற்றோரும் பள்ளியைச் சேர்ந்தவர்களும் மட்டும் பார்த்தால் சட்டம் தடுக்காது. அதையே யூடியூபில் ஏற்றினால் ஊரே பார்க்கும்; அங்கே இந்த விலக்கு கை கொடுக்காது.

சரி, எந்தத் தயக்கமும் இல்லாமல் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நிறைய. எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் படைப்பு பொதுவுக்கு வந்துவிடும். நம் பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சா. 1942இல் மறைந்தார். அவர் எழுதியவற்றுக்கு 2002ஆம் ஆண்டோடு உரிமை முடிந்துவிட்டது. நாட்டுடைமையாக்கப்பட்ட, அதாவது அரசே உரிமையை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிய நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலேயே கிடைக்கின்றன. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சீர்காழிச் சம்பந்தரின் தேவாரம் எல்லோருக்கும் சொந்தம். ஆனால் அதற்கு இன்று ஒருவர் எழுதும் உரை அவருக்குச் சொந்தம்.

அப்புறம், பெயர். நான் பத்தாம் வகுப்புக்குத் தயாரித்த வினாத் தொகுப்பு, என் பெயர் வெட்டப்பட்டு, ஒரு தனிப்பயிற்சி மையத்தின் முத்திரையோடு எனக்கே ஃபார்வர்டாக வந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்தவருக்குத்தான் அந்த வலி தெரியும். படைப்பைப் பதிவு செய்தால்தான் உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எழுதியவுடனே உரிமை வந்துவிடுகிறது. வேலையின் பகுதியாக நாம் தயாரித்தது வேலை கொடுத்தவருக்குச் சொந்தமாகலாம். அப்போதும் "இதை எழுதியவர் நான்" என்று சொல்லும் உரிமையை 57ஆம் பிரிவு நம்மிடமே விட்டு வைக்கிறது. அதனால் இன்னொருவர் தயாரித்த தாளைப் பகிரும்போது மேலே இருக்கும் பெயரை வெட்டாதீர்கள்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் எத்தனையோ தலைப்புகளில் பயிற்சி தருகிறார்கள். 52, 57 என்ற இந்த இரண்டு பிரிவுகளுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்த மையம் ஏற்பாடு செய்தாலும், சட்டத்தின் தமிழாக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான் வந்து பேசத் தயார்.