ஒரு தேரைக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்களுக்கு

கிழக்கு ஆப்பிரிக்க நாடான தான்சானியாவில் ஒரு மலை அருவியின் சாரலில் வாழும் குட்டித் தேரையைக் காப்பாற்ற ஆன செலவைப் பார்த்துத்தான் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். பதிலை அந்த மலையிலிருந்தே தொடங்குகிறேன். 1991இல் அங்கே உட்சுங்வா மலைக்காட்டில் முகாம் போட்டிருந்த டென்மார்க் ஆய்வாளர்கள், சாப்பாட்டுப் பானையின் அடியில் கிடந்த ஒரு ஜோடிக் கால்களைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். கோழிக்கால் போலத்தான் இருந்தது, ஆனால் கோழி இல்லை. சமைத்த உள்ளூர்க்காரர்களுக்கு அது கண்ணி வைத்துப் பிடிக்கும் சாதாரணக் காட்டுப் பறவை. அறிவியலுக்கோ அப்படியொன்று இருப்பதே தெரியாது. 1994இல் அதைப் புதிய கவுதாரி இனமாகப் பதிவு செய்தார்கள். அதன் நெருங்கிய சொந்தங்கள் இருப்பது ஆப்பிரிக்காவில் இல்லை, ஆசியக் காடுகளில்!

தான்சானியா என்றதும் எல்லோரும் கிளிமஞ்சாரோ படத்தைத்தான் போடுகிறார்கள். 5895 மீட்டர், உச்சியில் பனி, சரி. ஆனால் வயதில் அது நேற்று முளைத்த எரிமலை. கென்யாவின் தைத்தா குன்றுகளில் தொடங்கி உசாம்பரா, உலுகுரு வழியாகத் தெற்கே உட்சுங்வா வரை பிறை போல வளைந்து செல்லும் கிழக்கு வில் மலைகள்தான் உண்மையில் பார்க்க வேண்டியவை. எரிமலைக் குழம்பில் உருவானவை அல்ல, மிகப் பழைய பாறை மேலெழுந்து நின்றவை. உயரம் 2600 மீட்டர் சொச்சம்தான், அதனால் போஸ்டருக்கு எடுபடாது.

இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்று கிழக்குச் சரிவில் முட்டி, பல இடங்களில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. பனியுகக் காலங்களில் ஆப்பிரிக்காவின் பல காடுகள் காய்ந்து சுருங்கியபோதும், அந்தக் கடலின் தயவில் இந்தக் காடுகள் ஈரம் வற்றாமல் பிழைத்தன. சுற்றிலும் வறண்ட சமவெளி. கீழே இறங்க வழியில்லாத உயிர்கள், ஒவ்வொரு மலையையும் ஒரு தீவாக வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பரிணமித்தன. 1979இல் இங்கே புதிதாக ஒரு குரங்கு தெரியவந்தது. 2008இல் சுமார் 700 கிராம் எடையுள்ள ஒரு யானைமூஞ்சூறு (தும்பிக்கை போல நீண்ட மூக்குள்ள சிறு விலங்கு) பதிவானது. நம் ஊர் நர்சரிகளில் விற்கும் ஆப்பிரிக்கன் வயலட்டுக்கும் பூர்வீகம் இந்தப் பக்கம்தான்.

இப்போது தேரைக்கு வருகிறேன். உட்சுங்வாவின் சரிவில் கிஹான்சி ஆறு ஒரு பள்ளத்தாக்கில் அருவியாக விழுகிறது. அந்தச் சாரலில் எந்நேரமும் நனைந்து கிடக்கும் சுமார் இரண்டு ஹெக்டேர் புல்லும் பாசியும்தான் இந்தத் தேரையின் மொத்த உலகம். முழுதாக வளர்ந்தாலும் மூன்று சென்டிமீட்டர் தாண்டாது. முட்டையிடாமல் குட்டி போடும். தாயின் வயிற்றுத் தோல் வழியாக உள்ளிருக்கும் குட்டிகள் தெரியும்!

இதைக் கண்டுபிடித்தது 1996இல். அதற்குள் உலக வங்கிக் கடனுதவியோடு 180 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் வேலை தொடங்கிவிட்டது. தண்ணீரைத் திருப்பியதும் அருவியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. சாரல் நின்றது. அவசர அவசரமாக 2000இல் 499 தேரைகளைப் பிடித்து, காப்பகத்தில் வளர்த்துப் பெருக்க அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பள்ளத்தாக்கில் குழாய் போட்டு, தெளிப்பான் வைத்துச் செயற்கைச் சாரலும் உண்டாக்கினார்கள். கொஞ்சம் தேறியது. அப்புறம் 2003இல் பூஞ்சை நோயும் தாக்கி, எண்ணிக்கை மளமளவெனச் சரிந்தது. 2009இல் இயற்கையில் அற்றுப்போன இனம் என்று அறிவித்துவிட்டார்கள். காப்பகத்தில் பெருகியவற்றை 2012இல் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

"கரண்ட் இல்லாத ஜனங்களை விட்டுவிட்டு தேரைக்குத் தெளிப்பானா?" என்று கேட்பது சுலபம். கரண்ட் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மின்வெட்டில் தவிக்கும் நாட்டைப் பார்த்து ஏசி அறையில் உட்கார்ந்து பாடம் நடத்தவும் நான் வரவில்லை. என் கோபமெல்லாம் வேலையின் வரிசை மீதுதான். பானைக்குள் புது இனம் கிடைத்த மலை அது. அங்கே முதலில் கடன் கொடுத்து, திட்டம் போட்டு, பாறையைக் குடைந்து, பிறகா அருவியின் அடியில் என்ன வாழ்கிறது என்று குனிந்து பார்ப்பது? கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே நாலு உயிரியலாளர்களையும், கவுதாரிக்குக் கண்ணி வைக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் சிலரையும் ஒரு முழு மழைக்காலம் அந்தப் பள்ளத்தாக்கில் தங்க வைத்திருக்கலாம். அமெரிக்கப் பயணம், தெளிப்பான், பல வருடப் பராமரிப்பு என்று பிறகு ஆன செலவோடு பார்த்தால் அவர்களின் கூலியும் சாப்பாடும் எந்த மூலைக்கு?