நடக்கும் திசைதான் மேலே வேண்டும்

கைப்பேசி வரைபடத்தைச் சின்னதாக்கி ஸ்மார்ட் வாட்ச்சில் போட்டால் நடப்பவருக்குப் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. போன மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாளோடு மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து அரசடிப் பக்கம் நடந்தேன். நாங்கள் மேற்கே போகிறோம், வடக்கு மேலே வைத்த படத்திலோ எங்கட புள்ளி இடப்பக்கம் நகர்கிறது. அவ மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தா, பிறகு தானே முழுசாகத் திரும்பி நின்றா. முன்னால் இருப்பது படத்திலும் மேலே இருக்க வேண்டும் என்று உளவியலாளர் மார்வின் லெவின் 1982இலேயே எழுதிவிட்டார்.

இன்னொன்று. நிற்கும்போது முகம் எந்தப் பக்கம் என்று ஜிபிஎஸ் சொல்லாது, வாட்ச்சுக்குள் திசைகாட்டி போல வேலை செய்யும் காந்த உணரியைத்தான் நம்ப வேண்டும். பக்கத்தில் இரும்பு இருந்தால் அது குழம்பிவிடும். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலமோ இரும்பு. ஏறியதும் அம்புக்குறி தடுமாறத் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் திசை நிச்சயமில்லை என்று வாட்ச் சொல்லியிருக்க வேண்டும், பிழையான பக்கம் காட்டக்கூடாது.

எங்கட ஆட்கள் வழி சொல்லும்போது மீட்டர் சொல்வதில்லை. ‘காந்திப் பூங்காவடிக்கு வா, மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும்’ என்பார்கள். அந்தச் சின்னத் திரையில் பத்து ஒழுங்கைப் பெயர் எதற்கு? ஒரு அம்பும் அடுத்த அடையாளத்தின் பெயரும் தமிழில் பெரிதாக வரட்டும். திரும்பும் இடத்தில் மணிக்கட்டில் அதிர்வு வந்தால் அம்மா திரையைப் பார்க்காமலே நடப்பா.