ஆட்டை விற்ற அத்தான்

அத்தான்: அந்த ஆட்டை நான் விற்றிருக்கவே கூடாது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: எந்த ஆடு அத்தான்?

அத்தான்: 69-ஆம் வருஷத்து ஆடு. கரும்பச்சை. 1974-ல் 800 டாலருக்கு வாங்கினேன்.

மாப்பிள்ளை: பச்சையில்கூட வருமா இந்த ஊரில்? சரி, அஞ்சு வயசு. பல் பிடித்துப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?

அத்தான்: எல்லாம் பார்த்தேன். நாலு.

மாப்பிள்ளை: நாலு பல்லா? அஞ்சு வயசென்றால் எட்டும் விழுந்து முளைத்திருக்க வேண்டுமே! ஏமாற்றிவிட்டான் அத்தான்.

அத்தான்: நாலு கியர். 400 கன அங்குல இன்ஜின். 350 குதிரை.

மாப்பிள்ளை: ஆட்டுக்குள் குதிரையா? ஒரு நிமிஷம். நீங்கள் காரைப் பற்றியா பேசுகிறீர்கள்?

அத்தான்: பின்னே? போண்டியாக் ஜி.டி.ஓ. அந்த மூன்று எழுத்தைக் கலைத்து, கூட ஒரு 'ஏ' போட்டால் 'கோட்', இங்கிலீஷில் ஆடு. இந்த ஊரில் எல்லாரும் அதை ஆடு என்றுதான் சொல்வார்கள்.

மாப்பிள்ளை: அடப்பாவமே! 'இவர் ஒரு ஆடு வாங்கியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைக் குளிப்பாட்டுகிறார்' என்று அக்கா நீலக் கடிதாசியில் எழுதினாளே! இன்ஜினியர் என்று சொல்லிப் பெண் கட்டியவர் அமெரிக்காவில் ஆடு மேய்க்கிறாரே என்று அம்மா ரெண்டு நாள் சாப்பிடவில்லை.

அத்தான்: அதனால்தான் நான் ஊருக்கு வந்தபோது மாமா தனியாகக் கூப்பிட்டு, தீவனச் செலவு எப்படி என்று கேட்டாரா?

மாப்பிள்ளை: நீங்கள் என்ன சொன்னீர்கள்?

அத்தான்: கேலன் 53 சென்ட் என்றேன்.

மாப்பிள்ளை: அதைத்தான் அப்பா எட்டயபுரம் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். 'அமெரிக்காக்காரன் கழனித்தண்ணியைக்கூட அளந்து விற்கிறான்டா' என்று. அது கிடக்கட்டும், எவ்வளவு குடிக்கும்?

அத்தான்: கேலனுக்கு 10 மைல் ஓடும். எதிர்க்காற்று என்றால் 9. அந்தக் கணக்குத்தானே எனக்கு லாபமாகப் போனது! 73 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்கில் வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. 3,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவன் எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான்.

மாப்பிள்ளை: பஞ்சத்தில் ஊரே ஆட்டை விற்றது, நீங்கள் மட்டும் வாங்கினீர்கள்.

அத்தான்: உனக்குப் புரியாது. டாக்கோமீட்டர், அதாவது இன்ஜின் சுற்றுகிற வேகத்தைக் காட்டுகிற மீட்டர், எங்கே இருக்கும் தெரியுமா? போனட்டுக்கு மேலே, கண்ணாடிக்கு வெளியே!

மாப்பிள்ளை: வெளியேவா? மழை பெய்தால்?

அத்தான்: நனையும்.

மாப்பிள்ளை: பனி விழுந்தால்?

அத்தான்: நிறுத்தி, இறங்கி, துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை: நிறுத்திவிட்ட வண்டிக்கு மீட்டரில் என்ன அத்தான் பார்த்தீர்கள்?

அத்தான்: அழகு மாப்பிள்ளை அது! முன்விளக்கு அதைவிட அழகு. கண் இமை மாதிரி மூடி இருக்கும். ஸ்விட்சைப் போட்டால், இன்ஜின் உறிஞ்சுகிற காற்றிலேயே மூடி திறக்கும். அப்புறம் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. வலது கண் மட்டும் திறக்காது.

மாப்பிள்ளை: ஒற்றைக்கண் ஆடு. எட்டயபுரம் சந்தையில் பாதி விலைதான். குழாயை மாற்றியிருக்கலாமே?

அத்தான்: அடுத்த மாதம் மாற்றலாம், அடுத்த மாதம் மாற்றலாம் என்று... நாலு வருஷம் போய்விட்டது.

மாப்பிள்ளை: பனியில் ஓடுமா?

அத்தான்: பின்சக்கரத்தில் இழுக்கிற வண்டி. வால் ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும். டிக்கியில் ரெண்டு மணல் மூட்டை போட்டு ஓட்டினேன். அதைக்கூடச் சமாளிக்கலாம், உப்பைத்தான் சமாளிக்க முடியவில்லை. மிச்சிகனில் பனி உருக ரோடெல்லாம் உப்புப் போடுவார்கள். அடித்தகடு முழுக்க அரித்துவிட்டது. உன் அக்கா காலடியில் ரோடு தெரியும்.

மாப்பிள்ளை: அதையும் எழுதினாள். 'உட்கார்ந்த இடத்திலிருந்தே ரோடு முழுக்கத் தெரிகிறது' என்று. பெரிய ஜன்னல் போல என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

அத்தான்: 78-ல் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் 450 டாலரை மேசையில் வைத்தான். சாவியைக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு அதன் விலை 50,000 மாப்பிள்ளை! 50,000!

மாப்பிள்ளை: பேரைப் பார்த்தாவது சுதாரித்திருக்கலாம். போண்டியாக்! வாங்கியவனைப் போண்டியாக்கு என்று பின்னாலேயே எழுதி ஒட்டியிருக்கிறானே.

அத்தான்: அது ஊர்ப் பேர். நாம் நிற்கிற இதே வுட்வர்ட் ரோடு நேராகப் போய்ச் சேருகிற ஊர். 2009-ல், அதைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், போண்டியாக் காரையே நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். அதைக் கிண்டல் பண்ணாதே.

(ஆகஸ்டில் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்டில் பழைய கார் ஊர்வலம். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற கார்க்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் போல.)

மாப்பிள்ளை: சரி, ஒன்று கேட்கிறேன். காலையிலிருந்து எத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சொன்னீர்கள்?

அத்தான்: ரெண்டு மூன்று பேர் இருக்கும்.

மாப்பிள்ளை: ஒன்பது. நான் எண்ணினேன். இங்கே கார் கொண்டுவந்திருக்கிற மனுஷன் 30 வருஷமாகத் துருவைச் சுரண்டிச் சுரண்டி ஒரு வண்டியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். நீங்கள் போய், 'என்னிடமும் இருந்தது, விற்றுவிட்டேன்' என்று கையைப் பிடித்துக்கொள்கிறீர்கள். அவர் உங்கள் தோளைத் தட்டி 'வருத்தப்படாதீர்கள்' என்கிறார். எட்டயபுரம் சந்தையில்கூட, ஆடு வளர்த்தவன் ஆட்டை விற்றவனுக்கு ஆறுதல் சொல்லி நான் பார்த்ததில்லை.

அத்தான்: வைத்திருந்தால் 50,000...

மாப்பிள்ளை: அந்த வருஷம் எத்தனை செய்தார்கள்?

அத்தான்: 72,000-க்கு மேல்.

மாப்பிள்ளை: அத்தனை பேரும் வைத்திருந்தால் இன்றைக்கும் 450தான் அத்தான். உங்களைப் போன்றவர்கள் உப்பில் ஊறப்போட்டுக் காயலான் கடைக்கு அனுப்பியதால்தான் மிச்சத்துக்கு இந்த விலை. அந்த 50,000-ல் உங்கள் உழைப்பும் இருக்கிறது.

அத்தான்: (கொஞ்ச நேரம் கழித்து) வாங்கிய அன்றைக்கு ராத்திரி இதே ரோட்டில் ஓட்டினேன். சிக்னலில் நிற்கும்போதே ஸ்டியரிங் கைக்குள் உறுமியது. பச்சை விழுந்ததும் அழுத்தினேன் பார்! உன் அக்கா ஊரைவிட்டு வந்து எட்டு மாதம். முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளை: இதை ஒன்பது பேரில் ஒருவரிடம்கூட நீங்கள் சொல்லவில்லையே.

அத்தான்: அது சிரிப்பில்லை, பயத்தில் வந்த விக்கல் என்று அப்புறம் அவளே சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை: அத்தான், அங்கே பாருங்கள். கரும்பச்சை.

அத்தான்: எங்கே? அட, 69! ஆடேதான்!

மாப்பிள்ளை: ஒரு கண் மூடியிருக்கிறதே.

அத்தான்: வலதா, இடதா?

மாப்பிள்ளை: விளையாட்டுக்குச் சொன்னேன் அத்தான், ரெண்டும் திறந்துதான் இருக்கிறது. அத்தான்! ஓடாதீர்கள்! அவர் உங்களைப் பார்த்துவிட்டார், நாற்காலியை மடக்குகிறார்!